சாட்சி இல்லை

எங்கள் குடும்பத்தில் ஜெயிலுக்குப் போன ஒருவர் இருந்தார் என்பது எனக்குப் பதினோரு வயதில் தெரியவந்தது. யாரும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லவில்லை. குழாயடிச் சண்டையில் தெரிந்தது. தூரத்து உறவில் பெரியம்மா முறையாகும் ஒருத்தி எங்க ஆயாவைப் பார்த்து, "ஜெயில் களி தின்னவன் வூட்டு மருமவதானடி நீ" என்று கத்தினாள். யாருக்கும் ஒரு சொல் கடன் வைக்காத ஆயா அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. பாதி நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

அந்த மௌனம்தான் என்னைத் துரத்திக்கொண்டே வந்திருக்கிறது. இப்போது எனக்கு முப்பத்தேழு வயது. எம்.ஏ. தமிழ் படித்திருக்கிறேன். ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டில் 'தீண்டாச்சேரி' என்றும் 'பறைச்சேரி' என்றும் வருகிற இடங்களைப் படித்திருக்கிறேன். மெய்க்கீர்த்திகளை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதி மார்க்கு வாங்கியிருக்கிறேன். அரசர்களுக்கு இருபது தலைமுறைக்குப் பட்டியல் போடத் தெரிந்த எனக்கு என் தாத்தாவின் அப்பா எதற்காக ஜெயிலுக்குப் போனார் என்று தெரியாது. ஆயாவுக்கு அவர் மாமனார், நைனாவுக்குத் தாத்தா, எனக்குப் பூட்டன்.

பூட்டனின் பெயரை இங்கே எழுதவில்லை. ஊரின் பெயரையும் எழுதவில்லை. தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்தத்தில் சிலர் அரசு வேலையில் இருக்கிறார்கள். "எழுதுறதுன்னா எழுது, எங்க பேரு தெரியற மாதிரி எழுதாத" என்று அத்தை சொன்னாள். அவள் மகன் அப்போது போலீஸ் வேலைக்கு எழுதியிருந்தான். பூட்டன் செத்து ஐம்பது வருசம் ஆகிறது. அவருடைய தண்டனை இன்னும் முடியவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

*

நாங்கள் இருப்பது சிட்லபாக்கத்தில், ஏரியை ஒட்டிய ஒரு தெரு. தாத்தா ஊரை விட்டு வந்து குரோம்பேட்டையில் தோல் கம்பெனியில் சேர்ந்தார். அந்த ஊருக்கே பேர் தந்த குரோம் லெதர் கம்பெனிதான். தோல் நாற்றம் பிடிக்காதவர்கள் போகாத வேலை. ஆனால் அங்கே கூலி காசாகக் கையில் வந்தது, மரக்கால் நெல்லாக இல்லை. அதற்காகவே எங்கள் சனம் ஊரை விட்டு ரயில் பாதை ஓரமாக வந்து குடியேறியது. ஏரிக்கரையில் குடிசை போட்டு, பிறகு ஓடு போட்டு, பிறகு தளம் போட்டார்கள். பேரூராட்சியாக இருந்த சிட்லபாக்கம் 2021-இல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. ஏரிக்கரையில் இப்போது நடைபாதை இருக்கிறது. காலையில் ஷூ போட்டுக்கொண்டு நடக்கிறார்கள்.

ஆயாவின் தகரப் பெட்டி ஒன்று பரண்மேல் கிடந்தது. 2022-இல் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது இறக்கினோம். பழைய ரேஷன் கார்டுகள், கம்பெனி அடையாள அட்டை, அம்பேத்கர் படம் போட்ட ஒரு நாட்காட்டி அட்டை. அவற்றோடு கார்பன் நகலாக ஒரு மனு. 1981-ஆம் வருசத்தது. பெரிய தாத்தா யாரிடமோ சொல்லி டைப் அடித்திருக்கிறார். பூட்டனின் மனைவி, எங்கள் பூட்டி, கீழே கைநாட்டு வைத்திருக்கிறாள். தன் கணவர் 1942-இல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் கலந்துகொண்டு நான்கு மாதம் கடுங்காவல் அனுபவித்தார் என்றும், தனக்குத் தியாகி குடும்ப ஓய்வூதியம் வழங்க வேண்டும் என்றும் அந்த மனு கேட்கிறது. அதோடு குண்டூசியில் கோத்து ஒரு பதில். சிறைச் சான்றிதழ் இணைக்கவும், இல்லாவிட்டால் சக கைதியின் சான்று இணைக்கவும் என்று இரண்டு வரி. அவ்வளவுதான். பூட்டி அதற்குப் பிறகு மூன்று வருசம்தான் இருந்தாள்.

மத்திய அரசு தியாகிகளுக்கு ஓய்வூதியத் திட்டத்தைக் கொண்டுவந்தது 1972-இல், சுதந்திரத்தின் இருபத்தைந்தாவது வருசத்தில். அதே வருசம் தாமிரப் பட்டயமும் கொடுத்தார்கள். 1980-இல் திட்டத்தை விரிவாக்கினார்கள். குறைந்தது ஆறு மாதம் சிறையில் இருந்திருக்க வேண்டும். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் மூன்று மாதம் போதும். பெரிய தாத்தா இந்த மூன்று மாதத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார். நம்ம ஆளு நாலு மாசம் இருந்திருக்காரு, வருசமும் அதே 1942, அப்புறம் என்ன?

மனுவைப் படித்துவிட்டு என் சித்தப்பா மகன் குதித்தான். "பாத்தியாண்ணா, நம்ம பூட்டன் தியாகிடா! நீ இத்த எழுதணும்." ஆயா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "இன்னா தியாகி. நெல்லு அறுத்த கேசு அது."

அந்த ஒரு வரிக்குமேல் அன்றைக்கு அவள் பேசவில்லை.

*

தேட ஆரம்பித்தேன். தேடுகிற தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் உதவும் என்பதால் எப்படித் தேடினேன் என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் வருசம். நம் வீட்டுக் கிழவிகள் தேதி சொல்லமாட்டார்கள். "மெட்ராஸ் காலியான வருசம்" என்று பூட்டி சொல்வாளாம். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பயந்து சனங்கள் மூட்டை முடிச்சோடு சென்னையைக் காலி செய்தது 1942 ஏப்ரலில். தை அறுப்பில் தகராறு, ஆடி மாசத்தில் தீர்ப்பு, உள்ளே போன கொஞ்ச நாளில் காங்கிரஸ்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள் என்பதும் அவள் கணக்கு. பம்பாயில் வெள்ளையனே வெளியேறு தீர்மானம் போட்டது ஆகஸ்டு 8. கணக்கு சரியாக விழுகிறது. எழுதப் படிக்கத் தெரியாத கிழவியின் ஞாபகத்தை நாட்காட்டியோடு வைத்துப் பார்த்தால் ஒரு வாரம்கூடப் பிசகவில்லை.

அடுத்தது இடம். இது சுலபமில்லை. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கலெக்டர் கச்சேரி 1968 வரை சைதாப்பேட்டையில் இருந்தது. பிறகு காஞ்சிபுரம் போனது. 1997-இல் மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டானது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு மறுபடி தனி மாவட்டமானது. ஒவ்வொரு தடவையும் காகிதங்கள் மூட்டை கட்டி மாட்டு வண்டியிலும் லாரியிலும் போயிருக்கின்றன. எந்த மூட்டை எங்கே அவிழ்ந்தது என்று யாருக்குத் தெரியும்?

ஒரு நீதிமன்றத்தின் நகல் பிரிவில் மனு போட்டேன். வழக்கு எண் கேட்டார்கள். எண் தெரிந்தால் நான் ஏன் வருகிறேன்? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் வில்லை ஒட்டி இரண்டு இடங்களுக்கு எழுதினேன். ஒன்று நீதிமன்றம், இன்னொன்று சிறை. இரண்டு பதிலும் ஒரே மாதிரி வந்தன. காலக்கெடு முடிந்த ஆவணங்கள் விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டன. ஓர் அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்டபோது அங்கிருந்த எழுத்தர், "எந்தப் போராட்டம்? தியாகி கேசா?" என்று கேட்டார். "இல்லைங்க, திருட்டுக் கேசு" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பக்கத்து மேசைக்காரரிடம், "சார், திருட்டுக் கேசுக்குக்கூட வம்சாவளி தேடுறாங்க" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன். அப்படிச் சிரித்ததற்காக இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது.

சென்னை மத்திய சிறை இருந்த இடத்துக்குப் போனேன். 1837-இல் கட்டியது. 2006-இல் கைதிகளைப் புழலுக்கு மாற்றினார்கள், 2009-இல் இடித்தார்கள். இப்போது அங்கே மருத்துவக் கல்லூரிக் கட்டடங்கள். இடிப்பதற்கு முன்னால் சில நாள் பொதுமக்களைப் பார்க்க அனுமதித்தார்கள். யார் யாரோ தலைவர்கள் இருந்த அறை என்று சனம் வரிசையில் நின்று பார்த்தது. பூட்டன் மாதிரி ஆட்கள் இருந்த அறை எது என்று கேட்க ஆள் இல்லை.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்தேன். அங்கே ஒன்று புரிந்தது. நம்மைப் பற்றிக் காகிதம் இல்லை என்பது பொய். நிறைய இருக்கிறது. ஆனால் பெயராக இல்லை, எண்ணாக இருக்கிறது. வருசா வருசம் அச்சிட்ட சிறை நிர்வாக அறிக்கைகளில் கைதிகளை மதம், வயது, எழுத்தறிவு, தொழில் என்று கட்டம் கட்டி எண்ணியிருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர், விவசாயக் கூலி. அந்தக் கட்டங்களில் பூட்டன் ஒரு 'ஒன்று'. ரணஜித் குகா போன்ற வரலாற்றாசிரியர்கள் போலீஸ் அறிக்கைகளையும் கோர்ட்டு வாக்குமூலங்களையும் தலைகீழாகப் பிடித்துப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். எங்களுக்குத் தலைகீழாகப் பிடிக்கக்கூட ஒரு காகிதம் அகப்படவில்லை.

*

காப்பகத்தில் பூட்டன் கிடைக்கவில்லை. ஆனால் அவர் அறுத்த நெல்லின் பின்னால் என்ன இருந்தது என்பது கிடைத்தது.

செங்கல்பட்டு ஜில்லாவில் மிராசு முறை. ஊர் நிலமெல்லாம் மிராசுதாருக்குப் பாத்தியம். சேரி இருக்கும் நத்தம்கூட அவர்களுடையது என்றுதான் வாதாடினார்கள். படியாள் எதிர்த்துப் பேசினால் வேலையும் போகும், குடிசையும் போகும். கல்யாணத்துக்கு வாங்கிய கடன் மகனுக்கும் பேரனுக்கும் இறங்கும். இதையெல்லாம் 1891-இல் அப்போதைய தற்காலிகக் கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கையாக எழுதினார். அந்த அறிக்கையின் விளைவுதான் 1892 செப்டம்பர் 30-ஆம் தேதியிட்ட வருவாய்த் துறை ஆணை. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதிலிருந்து பிறந்தது. முதல் பத்து வருசம் விற்கக்கூடாது. அதற்குப் பிறகு விற்றாலும் தாழ்த்தப்பட்டோருக்கே விற்க வேண்டும். பிறகு 1920-களில் லேபர் டிபார்ட்மெண்ட் வந்து மேலும் சில நிலங்களைக் கொடுத்தது.

சட்டம் நமக்கு நிலம் கொடுத்த கதை ஒரு பக்கம். அதே சட்டம் நமக்கென்று வைத்திருந்த தண்டனையின் கதை இன்னொரு பக்கம். 1816-ஆம் வருசத்து ஒழுங்குவிதியின்படி கிராம முன்சீப்பு சில்லறைக் குற்றத்துக்கு மற்றவர்களைச் சிறிது நேரம் காவலில் வைக்கலாம். கீழ்ச்சாதி ஆளாக இருந்தால் ஆறு மணி நேரம் வரை தொழுமரத்தில் காலை மாட்டி வைக்கலாம். யார் காலை மாட்டலாம் என்பதைச் சாதி பார்த்துச் சட்டமே சொன்னது. 1898-ஆம் வருசத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 109-ஆவது பிரிவு இருந்தது. பிழைப்புக்கு வழி காட்ட முடியாதவனிடம் நன்னடத்தை ஜாமீன் கேட்கலாம், கொடுக்க முடியாவிட்டால் சிறை. மிராசுதாரை விட்டு ஓடிவந்த படியாள் பிழைப்புக்கு என்ன வழி காட்டுவான்? எங்கள் ஆட்களில் 'கேடி' ஆனவர்கள் எத்தனை பேர் இப்படி ஆனவர்கள் என்பதை யாராவது எண்ண வேண்டும்.

பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜாவும், கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனும் சட்டசபையில் போய்ப் பேசியது இந்த மண்ணின் சனத்துக்காக. பொதுச் சாலையிலும் கிணற்றிலும் எல்லாருக்கும் உரிமை உண்டு என்ற தீர்மானத்தை இரட்டைமலையார் 1924-இல் கொண்டுவந்தார். இதே ஜில்லாவில்தான் காரணை. அங்கே பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளம்பிய சனத்தின்மேல் 1994 அக்டோபர் 10-ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேர் செத்தார்கள். எனக்கு அப்போது ஆறு வயது. அந்தச் செய்தி வந்த அன்றைக்குத் தாத்தா சோறு தின்னவில்லை என்று அம்மா பிற்பாடு சொன்னாள். எங்கள் வீட்டு நிலக் கதையை அவர் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

*

கிடைத்தது எதிர்பாராத இடத்தில். என்னோடு பள்ளியில் படித்தவன் ஒருவன் இப்போது பிளாட் புரோக்கர். நம்மாள்தான். 2023 கடைசியில் போன் செய்தான். "டேய், உங்க ஊருப் பக்கம் ஒரு லே-அவுட்டு. மூலப்பத்திரக் கட்டுல ஒரு கோர்ட்டுக் காயிதம் கீது. உங்க ஊரு பேரு, நம்ம சாதிப் பேரு எல்லாம் போட்டுகீது. நீதான் இந்த மாதிரி எதையோ தேடிக்கினு இருந்தியே."

தாம்பரம் பக்கம் வீட்டுமனை வாங்கியவர்களுக்குத் தெரியும். வக்கீலிடம் லீகல் ஒப்பீனியன் வாங்க ஒரு கட்டு கொடுப்பார்கள். கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரம், வில்லங்கம், பட்டா, வாரிசுச் சான்று. அந்தக் கட்டில் முதல் பத்திரம் 1936-ஆம் வருசத்தது. பூட்டன் கைநாட்டு வைத்து, கடனுக்கு ஈடாக ஓர் ஏக்கர் சொச்சம் நிலத்தை மிராசுதாருக்குக் கிரயம் செய்து கொடுத்ததாகச் சொல்கிறது. அதற்கு முன்னால் அந்த நிலம் பூட்டனுக்கு எப்படி வந்தது என்று ஒரு சொல் இல்லை. 1936-இல் வானத்திலிருந்து விழுந்த நிலம் மாதிரி இருக்கிறது. இரண்டாவது காகிதம், 1942 ஜூலையில் சப்-மாஜிஸ்ட்ரேட் கொடுத்த தீர்ப்பின் சான்று பெற்ற நகல். நிலம் தன் சுவாதீனத்தில் இருந்தது என்று காட்டுவதற்காக மிராசுதார் அதை வாங்கிப் பத்திரமாக வைத்திருக்கிறார். அவர் மகன் வைத்திருக்கிறார். பேரன் நிலத்தை விற்றபோது கட்டோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறார்.

கோர்ட்டு அழித்துவிட்டது. சிறை அழித்துவிட்டது. நாங்கள் வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்துவிட்டோம். பூட்டனின் தண்டனையை எண்பது வருசம் பத்திரமாகப் பாதுகாத்தது அவரை உள்ளே தள்ளிய வீடு. பூட்டன் ஜெயிலில் இருந்த அந்த நாலு மாசத்தின்மேல் இன்றைக்கு இருபத்திரண்டு மனைகள் நிற்கின்றன.

தீர்ப்பு நான்கு பக்கம், ஆங்கிலத்தில். நண்பன் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தான். பேருந்தில் படிக்க மனசு வரவில்லை. வீட்டுக்கு வந்து, எல்லாரும் படுத்த பிறகு படித்தேன். முதல் பக்கத்தில் பூட்டன் பெயர். அதோடு ஒட்டிச் சாதி, இரண்டும் ஒரே பெயர் மாதிரி. அப்பன் பெயர். வயது 36. தொழில் கூலி. குற்றம், இந்திய தண்டனைச் சட்டம் 379, 447. திருட்டு, அத்துமீறி நுழைதல். மூன்று சாட்சிகள், மூன்று பேரும் ஊர்த்தெரு. ஐந்து மரக்கால் நெல்லும் இரண்டு அரிவாளும் கைப்பற்றப்பட்டன. நான்கு மாதம் கடுங்காவல்.

மூன்றாவது பக்கத்தின் நடுவில் ஒரு பத்தி. குற்றவாளியைக் கேட்டபோது அவன் சொன்னது. அந்தப் பத்தியின் விஷயத்தை நான் நம் பேச்சில் திருப்பிப் போட்டுக்கொண்டேன். "அது எங்க நெலம். லேபர் டிபார்ட்மெண்டுல எங்கப்பாவுக்குக் குடுத்தது. நான் பத்திரம் எதுவும் எழுதிக் குடுக்கல. கடனுக்குன்னு சொல்லிக் கைநாட்டு வாங்குனாங்க. நான் அறுத்தது என் நெல்லு." அதற்குக் கீழே மாஜிஸ்ட்ரேட் ஒரு வரி எழுதியிருக்கிறார். எதிரி தரப்பில் சாட்சி இல்லை.

ஆயிரம் வருசத்துத் தமிழை நான் படித்திருக்கிறேன். எங்கள் வம்சத்தில் ஒருவர் பேசிய பேச்சு எழுத்தில் ஏறியது அதுதான் முதல் தடவை. அதுவும் இங்கிலீஷில், எதிரியின் பெட்டியில்.

தன்னுடையது என்று நேர்மையாக நம்பி ஒருவன் ஒரு பொருளை எடுத்தால் அது திருட்டு ஆகாது. இது அன்றைக்கும் சட்டம், இன்றைக்கும் சட்டம். ஆனால் சப்-மாஜிஸ்ட்ரேட் அந்தக் காலத்தில் வருவாய்த் துறை ஆள். நீதித்துறையை நிர்வாகத்திலிருந்து பிரித்தது சுதந்திரத்துக்குப் பிறகுதான். லேபர் டிபார்ட்மெண்டு கொடுத்த நிலமா என்று ஒரு பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கச் சொல்ல அவருக்கு ஒரு நாள் போதும். அவர் சொல்லவில்லை. குற்றவாளி காகிதம் எதுவும் காட்டவில்லை என்று எழுதி முடித்துவிட்டார். கைநாட்டுக்காரனிடம் காகிதம் கேட்டார்கள். காகிதம் வைத்திருந்தவனிடம் அது எப்படி வந்தது என்று கேட்கவில்லை.

*

மறுநாள் ஆயாவிடம் வாசித்தேன். அவளுக்கு எண்பத்தேழு வயது, காது கொஞ்சம் மந்தம். கத்தித்தான் வாசிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்று அம்மா கதவைச் சாத்தப் போனாள். ஆயா, "தொறந்து வையி" என்றாள்.

எல்லாவற்றையும் கேட்டாள். மரக்கால் கணக்கு வந்தபோது, "அஞ்சு இல்ல, மூணுதான்" என்றாள். கடைசியில் சாட்சி இல்லை என்ற வரி வந்தது. "இன்னொருக்கா படி." படித்தேன்.

"பொய்யி" என்றாள் ஆயா. "எங்க மாமியா சொல்லும். பத்து பேரு போனாங்களாம் சேரியிலேர்ந்து. ராத்திரியே கௌம்பி, கூழு கட்டிக்கினு நடந்து போனாங்களாம். அது கைப்புள்ளயோட போச்சாம், அந்தக் கைப்புள்ளதான் உங்க சின்னத் தாத்தா. வெளிய மரத்தாண்டயே நிக்க வெச்சிட்டாங்க. தாவாரத்துல ஏற வுடல. எப்ப கூப்புட்டாங்க, எப்ப முடிஞ்சிதுன்னே தெரியலயாம். வெலங்கு போட்டு இட்டாரப்பதான் தெரிஞ்சிதாம். சாட்சி இல்லன்னு எழுதிக்கிறானா? சாட்சி வெளிய நின்னுக்கினு இருந்துதுடா."

நான் பேனாவை எடுத்தேன். அன்றைக்கு அவள் மேலும் சொன்னாள். உள்ளே இருக்கும்போது காந்தி ஆளுங்க வந்தார்களாம். அதில் பெரிய ஆளுங்களுக்குத் தனி இடம், தனிச் சோறு, படிக்கப் புத்தகம். அவர்களில் ஒருவர் பூட்டனைப் பார்த்து, நீ எதுக்குப்பா வந்தே என்று கேட்டாராம். "நெலத்துக்கு" என்றாராம் பூட்டன். "நாங்களும் அதுக்குத்தான் வந்திருக்கிறோம்" என்று அந்த ஐயா சிரித்தாராம். வெளியே வந்த பிறகும் பூட்டன் அதையே சொல்லிக்கொண்டிருப்பாராம். "அவங்களுக்கு அவங்க நெலம் கெடச்சிடும்" என்பாராம்.

பெரிய தாத்தா 1981-இல் பொய் மனு எழுதினார் என்று முதலில் எனக்கு வருத்தமாக இருந்தது. இப்போது இல்லை. நாட்டுக்காகச் சிறை போனவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்களிலும் நம்மவர்கள் இருந்தார்கள். நான் கேட்பது வேறு. தன் நிலத்தில் தன் நெல்லை அறுத்து, அது என்னுடையது என்று அதிகாரத்தின் முகத்துக்கு நேரே சொல்லி உள்ளே போனவனுக்கு நம் மொழியில் என்ன பெயர்? தியாகி என்ற சொல்லும் திருடன் என்ற சொல்லும்தான் அந்த மனுவின் படிவத்தில் இருந்தன. பெரிய தாத்தா இரண்டில் நல்லதை எடுத்துக்கொண்டார். சக கைதியின் சான்று கேட்டார்கள். ஐந்து மரக்கால் நெல்லுக்காக உள்ளே போனவனோடு இருந்த சக கைதி யார்? அவனுக்கு யார் சான்று கொடுப்பது?

*

2024 அக்டோபர் 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கு. சிறைக்குள் சாதி பார்த்து வேலை கொடுப்பதும் சாதி பார்த்துப் பிரித்து அடைப்பதும் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. நம் பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகப் பிரித்து வைத்திருந்த விவகாரமும் அந்த வழக்கில் பேசப்பட்டது. சிறைப் பதிவேடுகளில் கைதியின் சாதியைக் குறிக்கும் கட்டத்தை நீக்கவும் உத்தரவிட்டது.

நியாயமான தீர்ப்பு. உள்ளே இருக்கும் நம் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டம் எதற்காகப் பயன்பட்டது என்று நமக்குத் தெரியும். யார் மலம் அள்ளுவது, யார் சமைப்பது என்பதை அதுதான் தீர்மானித்தது. ஆனால் செய்தியைப் படித்த அன்றைக்கு எனக்கு ஒரு குழப்பமும் வந்தது. என் நண்பன் அந்தக் கட்டில் பூட்டனைக் கண்டுபிடித்தது சாதிப் பெயரை வைத்துத்தான். அது இல்லாவிட்டால் ஏதோ ஒரு பெயர், ஏதோ ஒரு ஊர் என்று பக்கத்தைத் தள்ளியிருப்பான். எங்களை மாட்ட வைத்த கொக்கியைப் பிடித்துக்கொண்டுதான் நான் அவரிடம் போய்ச் சேர்ந்தேன்.

யோசித்துப் பார்த்து ஒன்று முடிவு செய்தேன். உயிரோடு இருப்பவனின் பதிவேட்டிலிருந்து சாதி போகட்டும். செத்தவர்களின் பதிவேட்டை மட்டும் கொளுத்தாதீர்கள். விதிப்படி அழித்துவிட்டோம் என்ற பதில் நமக்கு மட்டும் வருகிற பதிலாக இருக்கிறது. மிராசுதார் வீட்டுப் பெட்டியில் எதுவும் அழியவில்லை. நம் ஆட்களைக் குற்றவாளி என்று எழுதிய காகிதங்கள் நம் சனத்தின் நில உரிமைக்கும் சாட்சி. பூட்டனின் தீர்ப்பைப் பாருங்கள். லேபர் டிபார்ட்மெண்டு கொடுத்த நிலம் என்பதற்கு இன்றைக்கு எங்களிடம் இருக்கும் ஒரே எழுத்து, அவரை உள்ளே அனுப்பிய அந்தத் தீர்ப்பின் மூன்றாவது பக்கம்தான். அதை இணைத்து, பழைய நிலப் பதிவேட்டின் நகல் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம்.

நிலம் திரும்ப வருமா என்று தோழர்கள் கேட்கிறார்கள். சிக்கல் இருக்கிறது. அந்த இருபத்திரண்டு மனைகளில் வீடு கட்டியிருப்பவர்கள் பலர் வங்கிக் கடன் கட்டிக்கொண்டிருக்கிற சாதாரண ஆட்கள். அதில் ஒருவர் நம்மவர், வாத்தியார், காரணைப் போராட்டத்தில் கொடி பிடித்தவர். விவரத்தைச் சொன்னபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "மனுவுல எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன் தம்பி, என் வீடு போனாலும் பரவாயில்ல" என்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தை நான் மறக்க முடியாது. அவரிடம் இன்னும் கையெழுத்து வாங்கவில்லை. வாங்குவேனா என்றும் தெரியவில்லை.

ஆயா சொன்னதைத் தேதி போட்டு எழுதி, வாசித்துக் காட்டி, கீழே அவளிடம் கைநாட்டு வாங்கினேன். பூட்டியின் 1981 மனுவின்மேல் அதை வைத்து, அதன்மேல் தீர்ப்பின் ஜெராக்ஸை வைத்து, ஊசிநூல் போட்டுத் தைத்திருக்கிறேன். அத்தை வந்து பார்த்தாள். புரட்டினாள். படிக்கத் தெரிந்தவள், ஆனால் இங்கிலீஷ் பக்கங்களை விட்டுவிட்டு ஆயா சொன்னதை மட்டும் படித்தாள். முடித்துவிட்டு, "பத்து பேரு யாரு யாருன்னு கேட்டியா?" என்றாள்.

கேட்கவில்லை. அந்த வாரமே கேட்டேன். ஆயாவுக்கு ஆறு பேர் ஞாபகம் இருந்தது. மிச்சம் நாலு பேரை இப்போது அத்தைதான் தேடிக்கொண்டிருக்கிறாள்.